ஃபெயில் இல்லாத பரீட்சை

வேலூரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "பேஷண்ட் நீங்களா, இல்ல பின்னாடி வர்றாங்களா?" என்பது.

கேட்டவர் காட்பாடி ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரர். நான் நோயாளி இல்லை என்றேன். "அப்ப கூட வந்த அட்டெண்டரா?" அதுவும் இல்லை என்றேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், நரைத்த தலையைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "பரவால்ல மேடம், நல்ல டாக்டருங்கோ. எல்லாம் சரியாப் பூடும்" என்றார். பாலாற்றுப் பாலம் முடிகிற வரைக்கும் தன் மச்சானின் சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் நீளமாக இருந்தது. கீழே ஆறு இல்லை, மணலும் முள்செடியும்தான்.

விடுதியிலும் அதே கதை. சுவரெல்லாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக, வங்காள மொழியில் அறிவிப்புகள். வரவேற்பு மேசையில் நீட்டிய படிவத்தில் 'எந்தத் துறை' என்று ஒரு கட்டம். நான் 'ஆங்கிலம்' என்று எழுதினேன். அங்கிருந்தவர் அதைப் படித்துவிட்டு, "அது எந்த பில்டிங்ல இருக்குது மேடம்?" என்று கேட்டார்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்கள் எல்லோரும் சேர்ந்ததும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதைப் படித்து யாரை எந்த எழுத்து வகுப்பில் உட்காரவைப்பது என்று முடிவு செய்வோம். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. மூன்றையும் தாண்டி எழுதுகிறவர்களுக்கு வகுப்பே வேண்டாம், விலக்கு. இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. சட்டைக்கு அளவு எடுப்பதைப் போன்ற வேலை.

தோல் தொழில்நுட்பமும் காலணி வடிவமைப்பும் படிக்க இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அதனால் இந்த முறை அவர்கள் கிளம்புவதற்கு முன்பே இங்கேயே தேர்வை வைத்துவிடலாம் என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்தது. "உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

தெரியும்தான். மறுநாள் காலை அதே வரவேற்பாளரிடம் மரியாதையாக, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம், எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யார் மேடம் பசியில இருக்கா?"

தேர்வு ஆம்பூரில். அன்றே பேருந்தில் போனேன். மடியில் வினாத்தாள் பெட்டி. அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது, கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பக்கத்தில் இருந்த பெண் மூன்று முறை அதை வாங்கித் தன் காலடியில் வைக்கப் பார்த்தாள். ஆம்பூர் வந்துவிட்டது என்று நடத்துநர் இறக்கிவிட்ட இடத்தில் ஊர் இல்லை. நெடுஞ்சாலையும் ஒரு மேம்பாலமும் இருந்தன. "வண்டி உள்ள போவாது மேடம், பைபாஸ்லயே பூடும்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். இதை ஏறும்போது சொல்லியிருக்கலாம். சுரங்கப்பாதையில் தேங்கிய நீரைத் தாண்டிப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை மூக்கில் ஏறியது. ஈரமும் சுண்ணாம்பும் கலந்த, நாக்கிலும் ஒட்டிக்கொள்கிற வாடை. ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "எது? வாடையா?" என்று நிஜமாகவே மோந்து பார்த்தார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இங்கே மாணவர் சேர்த்துத் தருகிற முகவர் குமரேசன். நாற்பது வயது, தேய்த்த வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசிகள். பயிற்சி மையமும் அவரே நடத்துகிறார். 'அமைதியான குளிரூட்டப்பட்ட அரங்கம்' என்று அவர் மின்னஞ்சலில் எழுதியிருந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. குளிர்சாதனம் இருந்தது. கீழே ஒரு குழந்தைக்குக் காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கி மாடிப்படிக்கு நேராக வைக்கப்பட்டிருந்தது.

நான் கீழே இறங்கி, பட்டு வேட்டியில் நின்ற தாய்மாமனிடம் ஒன்றரை மணி நேரம் பாட்டை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா மேடம், சீர் வர்ற நேரத்துல நிறுத்தச் சொல்றீங்கோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி, கம்மி பண்ணச் சொல்றேன். நீங்க முதல்ல சாப்டுட்டுப் போங்கோ."

கம்மி பண்ணவில்லை. மாடிக்கு நான்கு தட்டு கேசரி அனுப்பினார்.

ஆனால் கேசரியும் பாட்டும் ஒரு பொருட்டே இல்லை. என்னைப் படுத்தியவர்கள் பெற்றோர்கள். மண்டப வாசலில் இருபது முப்பது பேர், கோயில் பிரசாதத்தோடும் தண்ணீர்ப் போத்தலோடும் நின்றார்கள்.

"எத்தினி மார்க் எடுத்தா பாஸ் மேடம்?"

"இதில் பாஸ், ஃபெயில் கிடையாதுங்க. எந்த வகுப்பில் உட்கார வைக்கலாம்னு பார்க்கத்தான்."

"அது புரியுது மேடம். ஆனா எத்தினி எடுத்தா பாஸ்?"

ஐந்து பேரிடம் விளக்கினேன். ஆறாவதாக ஒருவர், ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு துருத்திக்கொண்டிருந்தது, கையைக் கட்டிக்கொண்டு என் பேச்சு முழுவதையும் கேட்டார். கடைசியில் தாழ்ந்த குரலில், "ஃபெயிலாயிட்டா திரும்ப எழுத விடுவீங்களா மேடம்?" என்றார்.

முப்பத்தாறு பேர் எழுதினார்கள். முகத்தைக் கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். தலைப்பு எளிது. உங்கள் வாழ்வில் நேர்ந்த ஒரு தவறான புரிதலை விவரித்து, அது ஏன் நேர்ந்தது என்று ஆராயுங்கள். பாதி நேரத்துக்குள் பெரும்பாலோர் பேனாவை மூடிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் கூடுதல் தாள் கேட்டாள். அன்றைக்குக் கூடுதல் தாள் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளுடைய கடவுச்சீட்டில் திவ்யா என்று இருந்தது.

தேர்வு முடிந்ததும் குமரேசன் பிரியாணிக்கு அழைத்துப் போனார். குற்றம் சொல்ல முடியாத ஒரே விஷயம் அதுதான். சின்னச் சின்ன சீரகச் சம்பா அரிசி, காரம் கம்மி, பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். எங்கள் ஊர் பிரியாணியில் இல்லாத ஒரு நிதானம் இதில் இருந்தது. எதிர் மேசையில் இரண்டு பெரியவர்கள் என்னைப் பார்த்து உருதுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பரிமாறியவரைக் கேட்டேன். "கத்திரிக்காயைத் தொடாமயே எந்திரிச்சுடுவீங்கன்னு இவரு சொல்றாரு. தொடுவீங்கன்னு அவரு பந்தயம் கட்டிகினு இருக்காரு" என்றார். நான் கத்திரிக்காயை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒருவர் மற்றவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

விடுதிக்குத் திரும்பி விடைத்தாள்களைப் பிரித்தேன். முதல் தாள் இப்படித் தொடங்கியது: 'உலகமயமாகிவிட்ட இன்றைய நவீன காலகட்டத்தில் இந்தத் தலைப்பு மிகவும் விவாதத்துக்குரிய ஒன்றாகும்.' சரி. இரண்டாவது தாளும் அப்படியே தொடங்கியது. மூன்றாவதும். பத்தாவது தாளில் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது. ஒரு பையன் தன் மாமா வீட்டுக் கதவைத் தவறாகத் தட்டிய கதையை, உலகமயமாக்கலில் தொடங்கி, அரசாங்கம் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்திருந்தான். யார் மேல் நடவடிக்கை?

குமரேசனுக்குத் தொலைபேசினேன்.

"நாங்க குடுத்த மாடல்தான் மேடம்" என்றார் பெருமையாக. "எந்த டாபிக் வந்தாலும் செட் ஆவும்."

"இப்படி எழுதினால் அவர்களுக்கு என்ன வரும், என்ன வராது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் மேடம் வேணும். தெரியக் கூடாது இல்ல?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். எரிச்சலில் அடுத்த தாள்களை வேகமாகப் புரட்டினேன். அப்போதுதான் திவ்யாவின் தாள் வந்தது. உலகமயம் இல்லை. நேராகக் கதைக்குள் போயிருந்தாள்.

ஒரு காலணித் தொழிற்சாலை. மாதிரிக்கு அனுப்பிய ஷூவைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் இரண்டே சொற்களில் பதில் அனுப்புகிறார்: 'நாட் பேட்.' மேலாளர் 'பேட்' என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பதறி, தையல் வரிசையை நிறுத்திவிடுகிறார். பெண்கள் பிற்பகல் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன குறை என்று கேட்டு எழுதிய பிறகுதான் தெரிகிறது, அந்த மனிதர் பாராட்டியிருக்கிறார். நின்றுபோன வேலையை ஈடுகட்ட அந்தப் பெண்கள் இரண்டு நாள் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள். அவள் எழுதியிருந்தாள்: 'அவர் நாட்டில் பாராட்டு அடக்கமாக வரும். எங்கள் ஊரில் கண்டிப்புதான் அடக்கமாக வரும். தவறாகப் புரிந்துகொண்டவர் மேலாளர். இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனவர்கள் தையல் வரிசைப் பெண்கள்.'

பதினெட்டு வருடமாக நான் இந்தத் தாள்களைப் படிக்கிறேன். விலக்கு என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கட்டுரையை இன்னொரு தடவை படித்தேன், படிக்க நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும்.

மூன்றாம் நாள் வேலூரில் குமரேசனின் அலுவலகத்தில் நேர்முகம். எழுதியதைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். கதவைத் தவறாகத் தட்டிய பையன் வந்தான், பேச்சிலும் அரசாங்கத்தை விடவில்லை. பதினோரு மணிக்குத் திவ்யா வந்தாள். நூல்கண்டு வைத்திருந்த ஒல்லி மனிதர் அவளுடைய அப்பா, பெயர் சண்முகம். குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நான் ஆர்வமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "அந்த மேலாளரைப் பற்றிச் சொல்."

"எஸ் மேடம்."

"எந்தத் தொழிற்சாலை அது? நீ அங்கே வேலை பார்த்தாயா?"

"எஸ் மேடம். நோ மேடம்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. நான் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கினேன். படமும் முகமும் பொருந்தின, மிகச் சரியாகப் பொருந்தின. மண்டபத்தில் பார்த்த முகம் இதற்கு மிக நெருங்கிய, ஆனால் நான்கைந்து வயது கூடின முகம் என்பது இப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருட அனுபவம்.

"அன்றைக்கு எழுதியது யார்?" என்று தமிழில் கேட்டேன்.

பதில் வாசலிலிருந்து வந்தது. "எங்க அண்ணன் பொண்ணு மேடம், ரேவதி. ஆம்பூர்ல ஷூ கம்பெனில எக்ஸ்போர்ட் செக்‌ஷன். அவதான் பாரீனுக்கெல்லாம் மெயில் போடுவா. பாஸ் ஆவணுமேன்னுதான்..." சண்முகம் முடிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "இதில் ஃபெயில் கிடையாதுன்னு உங்களிடம் நேரில் சொன்னேனே! தோற்கவே முடியாத பரீட்சைக்கு ஆள் வைத்து எழுதுவார்களா?"

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவாங்கோ" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, வாழ்க்கையில் பார்த்ததைச் சொன்னார்.

விஷயம் விளையாட்டில்லை. ஆள்மாறாட்டம் என்று நான் எழுதினால் சேர்க்கை ரத்து, பிறகு எங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கமே அவள் வர முடியாது. பார்க்காததுபோல் இருந்துவிட்டால் அதைவிட மோசம். விலக்கு வாங்கிக்கொண்டு எந்த எழுத்து வகுப்பும் இல்லாமல் நேராகப் பாட அறிக்கைகள் எழுத உட்காருவாள். அப்படி மேலே தூக்கிவைக்கப்பட்ட பிள்ளைகள் முதல் பருவத்திலேயே அறையைப் பூட்டிக்கொண்டு வகுப்புக்கு வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் இரண்டாவது வினாத்தாள் கட்டு ஒன்று, உறை பிரிக்காமல் இருந்தது. இப்போதே உட்கார்ந்து எழுது என்றேன். திவ்யா அழுதுகொண்டே படியிறங்கி ஓடினாள். அப்பா செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். குமரேசன் தன் இரண்டு கைபேசிகளில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கு இன்னா மேடம் தெரியும்?" என்றார். "சும்மா பேஜார் பண்ணிக்காதீங்கோ. அந்தப் பொண்ணு பேரை அடிச்சிட்டுப் போய்கினே இருங்கோ."

அன்று மாலை வரை சண்முகத்தின் கைபேசி அணைந்தே இருந்தது. மறுநாள் இரவுக்குள் நான் பட்டியலை அனுப்ப வேண்டும். அதற்கடுத்த நாள் விமானம்.

ஆகவே நான்காம் நாள், விண்ணப்பத்தில் இருந்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு குடியாத்தம் பேருந்தில் ஏறினேன். அதாவது, 'குடியாத்தம்' என்று பலகை வைத்திருந்த பேருந்தில். வேலூரைத் தாண்டி அரை மணி நேரத்துக்குப் பிறகு பயணச்சீட்டு கொடுக்க வந்த நடத்துநர், "குடியாத்தமா? இது அணைக்கட்டு வண்டி மேடம்" என்றார்.

"பலகையில் குடியாத்தம் என்று இருக்கிறதே!"

"அது நேத்து ட்ரிப்பு."

பேருந்து முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இறங்கவும் முடியாது, சுற்றிலும் கரும்பு. அணைக்கட்டில் இறங்கி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோவில் பள்ளிகொண்டா வந்து, அங்கே ஒரு டீக்கடையில் நின்றபடியே இரண்டு போண்டா தின்று, வேறு பேருந்து பிடித்தேன். அதன் பலகையை நம்பாமல் ஓட்டுநர், நடத்துநர், முன்சீட்டில் இருந்த பெரியவர் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். ஈப்போவில் பேருந்து தாமதமாக வரும், வராமலும் போகும். ஆனால் வந்தால், எழுதியிருக்கிற ஊருக்குத்தான் போகும்.

குடியாத்தத்தில் சண்முகத்தின் தெருவைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, சத்தமே வழிகாட்டியது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி தடதடவென்று. வீட்டின் முன்கூடத்தில் நான்கு தறிகளில் கட்டம் போட்ட லுங்கி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சண்முகம் சுவரைப் பிடித்துக்கொண்டார். காவல்துறையைக் கூட்டி வந்திருக்கிறேனோ என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பரீட்சை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று கத்தினேன். கத்தினால்தான் கேட்கும். "திவ்யாவைக் கூப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரம்."

அவர் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். நான்கும் நின்ற பிறகும் சத்தம் குறைந்ததாகவே தெரியவில்லை. பக்கத்து வீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தெருவில் இறங்கினார். ஒரு வாசலில் நின்று பேசினார், அங்கே நின்றது. எதிர் வீட்டில் ஒரு பெண்மணி, "பாப்பாவுக்குப் பரிட்சையா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அதட்டிவிட்டு உள்ளே போய் நிறுத்தினார். ஆறேழு வீடுகள் நின்றதும் தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

திவ்யா கண் வீங்கியிருந்தாள். தறிக்கூடத்தில் ஒரு ஸ்டூலை மேசையாக்கி, உறையைப் பிரித்துத் தாளை வைத்தேன். தலைப்பு: நீங்கள் பயப்படும் ஒன்றைப் பற்றி எழுதி, அந்தப் பயம் நியாயமானதா என்று ஆராயுங்கள். அவள் எழுதிய முதல் சொற்கள் எனக்குத் தலைகீழாகவே தெரிந்தன. உலகமயமாகிவிட்ட இன்றைய.

"அதை அடித்துவிடு" என்றேன்.

"அப்ப எப்படி மேடம் ஆரம்பிக்கறது?"

"பயம் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து."

இப்படி உதவுவதும் விதிக்கு விரோதம்தான். அவள் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினோரு வரி எழுதினாள். காலம் தப்பு, ஒருமை பன்மை தப்பு, முற்றுப்புள்ளி எங்குமே இல்லை. ஆனால் கல்லூரியில் ஒருமுறை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டபோது பின் வரிசை முழுவதும் சிரித்ததையும், அன்றிலிருந்து புரிந்தாலும் புரியாவிட்டாலும் 'எஸ் மேடம்' என்றே சொல்லிவருவதையும் எழுதியிருந்தாள். பயம் நியாயமானதுதான் என்று முடித்திருந்தாள்.

முதல் படி என்று அவள் கண் முன்னாலேயே குறித்தேன்.

சண்முகம் ஓரத்திலிருந்து, "ஃபெயிலுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் திவ்யா சொன்னாள். "ஃபெயில் கிடையாதுப்பா இதுல. கிளாஸ்தான்." பிறகு என்னிடம், "அந்த ஃபர்ஸ்ட் லெவல் கிளாஸ் யாரு மேடம் எடுப்பாங்க?" என்றாள்.

"நான்தான்."

அவள் சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலூர் மாவட்டத்துக்கு வந்ததிலிருந்து நான் சொன்னதை நம்பிய முதல் ஆள் அவள்தான். வெளியே தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கின.

கிளம்பும்போது மணி ஆறு. தெருமுனையில் ஷூ கம்பெனி பேருந்து நின்று பெண்களை இறக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மூன்றாவது வரிசைப் பெண். ரேவதி.

"சித்தப்பா மேல கம்ப்ளைண்ட் குடுத்துட்டீங்களா மேடம்?" என்றாள்.

இல்லை என்றேன். முதல் தாள் செல்லாது, மறுதேர்வு நடத்தப்பட்டது, அவ்வளவுதான் அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றேன். அது முழு உண்மை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். பேருந்து நிலையம் வரை துணைக்கு வருகிறேன் என்று கூடவே நடந்தாள். உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படித்திருக்கிறாள். ஐந்து வருடமாக அதே நிறுவனம். அந்த 'நாட் பேட்' அஞ்சலுக்குப் பதில் எழுதியவள் அவளேதான்.

"நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டேன். கேட்டதுமே முட்டாள்தனமாகப் பட்டது.

"எனுக்குப் பாஸ்போர்ட்டே இல்ல மேடம்" என்றாள், பேருந்துப் பயண அட்டை இல்லை என்பதைப் போல. கொஞ்ச தூரம் போய், "நான் எழுதுனது எந்த லெவல்?" என்றாள்.

"விலக்கு. உனக்கு வகுப்பே தேவையில்லை."

அவள் நின்று யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்ப நான் வரவே தேவையில்லன்றீங்க."

பையிலிருந்து அவளுடைய தாளை எடுத்து நீட்டினேன். நியாயப்படி அதைக் கிழித்திருக்க வேண்டும். அவள் ஆவலாக வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஒண்ணுமே திருத்தலியா மேடம்?"

"திருத்த அதிகம் இல்லை."

"கம்மியா இருந்தாலும் சொல்லுங்கோ. மேனேஜர் படிச்சுக்கூடப் பாக்க மாட்டாரு, அனுப்புன்னுடுவாரு. காலேஜுக்கு அப்பறம் யாரும் எனுக்குச் சிவப்பு மை போட்டதில்ல."

பேருந்து நிலையத்தில் ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதியிருந்தாள். 'டிஸ்கஸ்' போட்டால் பின்னால் 'அபவுட்' வராது என்று அடித்துக் காட்டினேன்.

"இதைத்தான் அஞ்சு வருஷமா எல்லா மெயில்லயும் போட்டுகினு இருக்கேன்" என்றாள் ரேவதி, நிஜமான அதிர்ச்சியோடு. "அவங்க ஒருத்தர்கூடச் சொல்லலியே."

வேலூர் வண்டி வந்து நின்றது. நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டார். அடுத்த வண்டிக்கு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் விரல் வைத்திருந்த அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன்.